அமெரிக்காவில் உயிர்மருத்துவ முனைவர் பட்டம்: விண்ணப்பம் முதல் வேலை வரை தேதிகளோடு ஒரு வழிகாட்டி

உயிர்மருத்துவ அறிவியலில் முனைவர் பட்டம் பெற அமெரிக்கா செல்ல எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தடுமாறிய இடங்களை இப்போது எண்ணிப் பார்த்தால், அவற்றில் ஆய்வு தொடர்பானவை மிகக் குறைவு. ஒரு கெடுதேதியை அறியாமல் இருந்தது, ஒரு தாளை உரிய நேரத்தில் கேட்டு வாங்காதது, கேட்க வேண்டிய கேள்வியைக் கூச்சத்தால் விழுங்கியது ஆகியவையே என் மாதங்களைத் தின்றன. விசாவில் வரும் மாணவருக்கு இந்தத் தவறுகளின் விலை இன்னும் கூடுதல் என்பதால், எந்தக் கட்டத்தில் எதைச் செய்ய வேண்டும் என்பதைத் தேதி வாரியாகச் சொல்ல முயல்கிறேன். கட்டணங்களும் விசா விதிகளும் மாறக்கூடியவை. பணம் கட்டும் நாளில் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதுநிலையா, முனைவரா என்பதை முதலில் தீர்மானியுங்கள்

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்தோடு நேரடியாக உயிர்மருத்துவ முனைவர் படிப்பில் சேர முடியும். பெரும்பாலான இடங்களில் முதுநிலைப் பட்டம் கட்டாயமில்லை. இதை அறியாமல், முனைவர் படிப்புக்குப் படிக்கட்டு என்று நம்பி, பெரும் கடன் வாங்கி அங்கே முதுநிலையில் சேர்பவர்கள் உண்டு. முனைவர் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் பல்கலைக்கழகமே ஏற்று, மாத உதவித்தொகையும் வழங்குவது இத்துறையின் பொது வழக்கம். முதுநிலை மாணவர் பெரும்பாலும் தம் கைப்பணத்தில்தான் படிக்க வேண்டும்.

உதவித்தொகைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமானால், தேசிய சுகாதார நிறுவனங்கள் எனப்படும் என்.ஐ.எச். அமைப்பு 2024 நிதியாண்டுக்கு முனைவர் மாணவர்களுக்கு நிர்ணயித்த தொகை ஆண்டுக்கு 28,224 டாலர். பல பல்கலைக்கழகங்கள் இதற்கு மேல் கொடுக்கின்றன. தொகையை மட்டும் பார்த்து மகிழாமல், அந்த நகரத்து வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெருநகரத்தின் பெரிய தொகை, சிறு நகரத்தின் சிறிய தொகையைவிடக் கையில் குறைவாகவே மிஞ்சக்கூடும்.

ஒரு பொறி: மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்பதில்லை. உங்களுடையது அப்படிப்பட்டதானால், கட்டணம் செலுத்துவதற்கு முன் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்துவடிவில் பதில் வாங்குங்கள்.

2. சேர்வதற்குப் பதினைந்து மாதங்கள் முன்பே தொடங்குங்கள்

வகுப்புகள் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்கும். விண்ணப்பக் கெடு அதற்கு முந்தைய ஆண்டின் டிசம்பர் முதல் தேதியை ஒட்டி இருக்கும். ஆகவே அந்த முந்தைய ஆண்டின் மே மாதம்தான் உங்கள் தொடக்கம்.

மே, ஜூனில் திட்டங்களைத் தேடிப் பட்டியலிடுங்கள். நோயெதிர்ப்பியல், நரம்பியல், மரபியல் போன்ற பல துறைகளை ஒரே சேர்க்கையின்கீழ் கொண்டுவரும் பொது நுழைவுத் திட்டங்கள் இன்று பரவலாக உள்ளன. அவற்றில் சேர்க்கைக் குழுதான் இடம் தருகிறது. தனிப்பட்ட பேராசிரியரால் தர முடியாது. எனவே நூறு பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதால் இடம் கிடைத்துவிடாது. பேராசிரியரே நேரடியாக மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் திட்டங்களும் இருக்கின்றன. அங்கே முன்கூட்டியே எழுதுவது அவசியம். உங்கள் பட்டியலில் எது எந்த வகை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் விரும்பிப் பணியாற்றக்கூடிய நெறியாளர்கள் குறைந்தது நான்கு பேராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே ஒருவரை நம்பிச் சேர்ந்தால், அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குச் செல்லும்போதோ நிதி இல்லை என்னும்போதோ உங்களுக்கு வேறு வழி இருக்காது. என்.ஐ.எச். நடத்தும் ரிப்போர்ட்டர் என்ற தரவுத்தளத்தில் பேராசிரியரின் பெயரை இட்டால், அவருக்கு எந்த மானியம் எந்த ஆண்டு வரை இருக்கிறது என்பது யாருக்கும் தெரியும்படி வந்துவிடும். இது இலவசம். நான் இதைக் கண்டுபிடித்தது சேர்ந்த பிறகுதான்.

3. விண்ணப்ப ஆவணங்கள்: எழுதுவதைவிடப் பெறுவதே கடினம்

பரிந்துரைக் கடிதங்கள் மூன்று வேண்டும். வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றார் என்று எழுதும் துறைத்தலைவரைவிட, உங்களோடு ஆய்வகத்தில் நின்று பார்த்த ஓர் இளம் ஆசிரியரின் கடிதம் பல மடங்கு மதிப்புடையது. செப்டம்பரிலேயே கேளுங்கள், உங்கள் தற்குறிப்பு, நோக்க அறிக்கையின் வரைவு, கெடுதேதிப் பட்டியல் மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்பவரிடம், உங்கள் ஆய்வுப் பணியின் விவரங்களைக் குறிப்புகளாகக் கொடுத்து, அவரையே எழுதுமாறு பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் படிக்கும் குழுவுக்கு அது உடனே புரிந்துவிடும்.

மதிப்பெண் பட்டியலைப் பொறுத்தவரை, விண்ணப்பிக்கும் கட்டத்தில் நீங்களே நகலெடுத்துப் பதிவேற்றினால் போதும் என்று பல இடங்கள் சொல்கின்றன. இடம் கிடைத்த பிறகு முத்திரையிட்ட மூலப்படிகள் கேட்கப்படும். உங்கள் பல்கலைக்கழகம் அவற்றை அனுப்ப எத்தனை வாரம் எடுக்கும் என்பதை முன்பே விசாரியுங்கள். என் பட்டியல் வந்துசேர ஏழு வாரங்கள் ஆயின.

டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் இரண்டாண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அக்டோபருக்குள் எழுதிவிட்டால் ஒருமுறை தவறினாலும் மறுமுறை எழுத நேரம் இருக்கும். ஜி.ஆர்.இ. என்ற பொதுத் திறன் தேர்வைப் பெரும்பாலான உயிர்மருத்துவத் திட்டங்கள் கைவிட்டுவிட்டன. உங்கள் பட்டியலில் ஒன்றுகூட அதைக் கேட்கவில்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

நோக்க அறிக்கையில் சிறுவயதில் நுண்ணோக்கியைக் கண்டு வியந்த கதையை நானும் எழுதினேன். அது முழுப் பக்கத்தை விழுங்கியது. குழு தேடுவது வேறு: எந்தக் கேள்வியை எடுத்தீர்கள், எந்தச் சோதனையைச் செய்தீர்கள், எது பொய்த்துப்போனது, அதிலிருந்து அடுத்து என்ன முடிவெடுத்தீர்கள். வெளிவந்த கட்டுரை இல்லாதது பெரிய குறை ஆகாது. செய்த வேலையை விளக்கத் தெரியாததுதான் குறை.

விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் நூறு டாலரை ஒட்டி வரும்; பத்து இடம் என்றால் ஆயிரத்தைத் தொடும். கட்டண விலக்கு சில இடங்களில் வெளிநாட்டவருக்கும் உண்டு. கேட்காமல் கிடைக்காது, கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே கேட்டுவிட வேண்டும்.

4. நேர்காணலும் ஏப்ரல் 15-உம்

ஜனவரி முதல் மார்ச் வரை நேர்காணல்கள் நடக்கும். வெளிநாட்டு விண்ணப்பதாரர்களுக்குப் பெரும்பாலும் காணொலி வழியாகத்தான். உங்கள் ஆய்வை இரண்டு நிமிடத்தில், படம் ஏதுமின்றி, வேறு துறைக்காரருக்குப் புரியும்படி சொல்லப் பழகுங்கள். அவர்களிடம் கேட்கவும் கேள்விகள் வைத்திருங்கள். ஐந்தாண்டுக்கும் உதவித்தொகைக்கு உறுதி உண்டா, வெளிநாட்டு மாணவருக்கு அந்தப் பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது என்ற இரண்டும் கட்டாயம் கேட்க வேண்டியவை.

பட்டப்படிப்புப் பள்ளிகளின் மன்றம் வகுத்த தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு கூடிய இடத்துக்கு விடை சொல்ல ஏப்ரல் 15 வரை உங்களுக்கு அவகாசம் தர வேண்டும். முன்கூட்டியே முடிவெடுக்குமாறு நெருக்கினால், அந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்திட்டதா என்று பார்த்துவிட்டு, தீர்மானத்தைச் சுட்டிக்காட்டிப் பணிவாக அவகாசம் கேளுங்கள்.

5. ஐ-20, விசா, முதல் இரண்டு மாதங்கள்

இடத்தை ஏற்றதும் பல்கலைக்கழகம் விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற படிவத்தை அனுப்பும். நிதி ஆதாரமாக உங்கள் உதவித்தொகைக் கடிதமே பெரும்பாலும் போதும்; உங்கள் வீட்டாரின் வங்கிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. அதன் பிறகு செவிஸ் எனப்படும் அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கான கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். முன்னதன் ரசீதை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐ-20 கையில் வந்த அன்றே நேர்காணல் தேதியைத் தேடத் தொடங்குங்கள். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவைப் படிப்பு தொடங்குவதற்கு 365 நாள் முன்புவரை வழங்கலாம், ஆனால் நாட்டுக்குள் நுழைய 30 நாள் முன்பிருந்துதான் அனுமதி.

நம் துறைக்கே உரிய ஒரு தாமதம் உண்டு. உயிர்த்தொழில்நுட்பம், நோய்க்கிருமி சார்ந்த ஆய்வுகளைச் சொல்லும்போது விசா கூடுதல் பரிசீலனைக்குப் போகலாம். அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். ஆய்வு பற்றிய ஒரு பக்க விளக்கத்தை எளிய மொழியில், உண்மை குறையாமல் எழுதி, தற்குறிப்போடு எடுத்துச் செல்லுங்கள். தாமதமானால் உடனே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்; சேரும் தேதியை ஒத்திவைக்க அவர்களால் முடியும்.

தடுப்பூசிச் சான்றுகளை ஊரிலேயே ஆங்கிலத்தில் வாங்கிவிடுங்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசியும் காசநோய்ப் பரிசோதனையும் பொதுவாகக் கேட்கப்படும்; மனித ரத்தம், திசு கையாளும் ஆய்வகத்துக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தேவைப்படும்.

முதல் உதவித்தொகை, சேர்ந்து ஒரு மாதம் கழித்தே வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, உணவு ஆகியவற்றுக்குப் பணத்தோடுதான் வர வேண்டும். வரி விஷயத்தில், எஃப்-1 மாணவர் முதல் ஐந்து நாள்காட்டி ஆண்டுகளுக்குப் பொதுவாக வரிச் சட்டப்படி குடியிருப்பாளர் அல்லாதவர். வருமானம் இல்லாத ஆண்டிலும் 8843 என்ற படிவத்தை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்க நண்பர் பயன்படுத்தும் மென்பொருளில் அப்படியே நிரப்பிவிட்டால், குடியிருப்பாளருக்கான தவறான படிவம் போய்ச் சேரும்.

6. ஆய்வகச் சுழற்சி: முழுக் கவனமும் இங்கே வையுங்கள்

பொது நுழைவுத் திட்டங்களில் முதலாண்டில் மூன்று ஆய்வகங்களில், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய எட்டு முதல் பத்து வாரம் பணியாற்றிப் பார்த்து, பிறகு ஒன்றில் நிலைப்பீர்கள். இதற்கு ரொட்டேஷன் என்று பெயர். அடுத்த ஐந்தாண்டு எப்படி இருக்கும் என்பது ஏறத்தாழ இங்கேயே முடிவாகிறது. ஆனால் பலர் இதை ஒரு சோதனையைச் செய்து முடிக்கும் பந்தயமாகவே நினைக்கிறார்கள்.

எட்டு வாரம் மிகக் குறைவு. விலங்குகளைக் கையாளும் ஆய்வகமானால், விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி ஆவணத்தில் உங்கள் பெயர் சேரும்வரை நீங்கள் எலியைத் தொடக்கூட முடியாது. பெயர் சேர்க்கவும் பயிற்சி முடிக்கவும் இரண்டு, மூன்று வாரம் ஓடிவிடும். ஆகவே சுழற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஆய்வக மேலாளருக்கு எழுதி, இணையவழிப் பாதுகாப்புப் பயிற்சிகளை முடித்துவிட்டு உள்ளே நுழையுங்கள். முடிவு வராதது குற்றமில்லை; எப்படி வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

நீங்களும் அவர்களைப் பார்க்க வேண்டும். நான் முதல் சுழற்சியைப் பெயர்பெற்ற, முப்பது பேர் கொண்ட ஓர் ஆய்வகத்தில் செய்தேன். எட்டு வாரத்தில் நெறியாளரோடு தனியே பேசியது மூன்றே முறை. தானே ஓடத் தெரிந்தவருக்கு அது பொருந்தியிருக்கும். எனக்கு அப்போது ஓடத் தெரியாது. சம்பிரதாயத்துக்காக எடுத்த மூன்றாம் சுழற்சியில்தான், வாரந்தோறும் ஒரு மணி நேரம் தரவைப் பார்த்து என்னோடு வாதாடும் நெறியாளர் கிடைத்தார்.

மூத்த மாணவர்களை ஆய்வகத்துக்கு வெளியே தனியாகச் சந்தித்துக் கேளுங்கள். இங்கிருந்து கடைசியாகப் பட்டம் பெற்றவர்கள் எத்தனை ஆண்டு எடுத்தார்கள்? பாதியில் விலகியவர்கள் உண்டா, ஏன்? முதலாசிரியர் யார் என்பது எந்தக் கட்டத்தில் பேசப்படுகிறது? பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பேராசிரியர் ஆகாதவர்களைப் பற்றி நெறியாளர் எந்தத் தொனியில் பேசுகிறார்? இந்தக் கடைசிக் கேள்விக்கான விடை, நான்காம் ஆண்டில் நீங்கள் தொழில்துறைப் பயிற்சிக்கு அனுமதி கேட்கும்போது என்ன நடக்கும் என்பதை இப்போதே காட்டிவிடும்.

நெறியாளரிடம் நேரடியாகக் கேட்க வேண்டியது பணம் பற்றியது. என் உதவித்தொகை எந்த மானியத்திலிருந்து வரும், அது எப்போது முடிகிறது, புதுப்பிக்கப்படாவிட்டால் துறை பொறுப்பேற்குமா? ஆர்01 எனப்படும் முக்கிய மானியம் அதிகபட்சம் ஐந்தாண்டுக்கு வழங்கப்படுவது. அதன் நான்காம் ஆண்டில் நீங்கள் சேர்ந்தால், உங்கள் படிப்பின் நடுவில் அது முடியும். கேட்பது மரியாதைக்குறைவாகத் தோன்றும். நல்ல நெறியாளர் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வாய்மொழியாகச் சொன்னதை, பேசியபடி என்று தொடங்கும் ஒரு சிறு மின்னஞ்சலில் எழுதி அனுப்பி வையுங்கள்.

7. தகுதித் தேர்வும் ஆய்வுக்குழுவும்

இரண்டாம் ஆண்டின் இறுதியை ஒட்டித் தகுதித் தேர்வு வரும். பல இடங்களில் என்.ஐ.எச். மானிய வடிவில் ஒரு திட்ட முன்வரைவு எழுத வேண்டும்: ஆய்வு நோக்கங்கள் ஒரு பக்கம், ஆய்வு உத்தி ஆறு பக்கம். பரவலான பிழை, முதல் நோக்கம் வெற்றி பெற்றால்தான் இரண்டாம் நோக்கத்துக்கே உயிர் என்ற வகையில் அமைப்பது. தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். எழுத எட்டு வாரமும், வேறு ஆய்வக நண்பர்கள் முன்னிலையில் இரண்டு ஒத்திகையும் ஒதுக்குங்கள்.

ஆய்வுக்குழுவில் நெறியாளரின் நெருங்கிய நண்பர்களை மட்டும் நிரப்பாதீர்கள். உங்களுக்கும் நெறியாளருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் நடுநிலையாகப் பேசக்கூடிய ஒருவர் தேவை. ஒவ்வொரு கூட்டத்துக்குப் பின்னும், பட்டம் பெற இன்னும் எந்தச் சோதனைகள் தேவை என்று குழு சொன்னதை எழுதி அனைவருக்கும் அனுப்புங்கள். பின்னாளில் எல்லைக்கோடு நகரும்போது உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

8. உதவித்தொகை விண்ணப்பம்: தகுதி வரியை முதலில் படியுங்கள்

என்.ஐ.எச். வழங்கும் எஃப்31 என்ற தனிநபர் உதவித்தொகைக்கு நான் மூன்று வாரம் உழைத்து எழுதிய பிறகுதான், குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டும் என்ற வரியைக் கண்டேன். டி32 பயிற்சி மானியத்துக்கும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டப்படிப்பு உதவித்தொகைக்கும் அதே நிபந்தனைதான். அமெரிக்க இதயச் சங்கத்தின் முனைவர் மாணவர் உதவித்தொகை எஃப்-1 விசாவில் இருப்பவர்களையும் ஏற்று வந்திருக்கிறது. முனைவருக்குப் பிந்தைய கட்டத்தில், என்.ஐ.எச். தரும் கே99/ஆர்00 என்ற ஆய்வு விருதுக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை; ஆனால் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் நான்காண்டைத் தாண்டுவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

9. வேலைக்கான ஆயத்தம் மூன்றாம் ஆண்டில்

தனிநபர் வளர்ச்சித் திட்டம் என்ற ஒன்றை ஆண்டுதோறும் நிரப்புமாறு பல்கலைக்கழகம் கேட்கும். 2012-இல் வெளிவந்த மைஐ.டி.பி. என்ற இணையக் கருவி இதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. பெட்டிகளை நிரப்பிக் கையெழுத்து வாங்குவதோடு விட்டுவிடாமல், இரண்டு வேலை வகைகளைத் தேர்ந்து, அவற்றின் உண்மையான விளம்பரங்கள் பத்தைப் படித்து, அவை கேட்பதில் உங்களிடம் இல்லாதது எது என்று எழுதுங்கள். மருத்துவ எழுத்துப் பணிக்கு எழுத்து மாதிரிகள் வேண்டும். ஒழுங்குமுறை விவகாரங்களுக்கு மருந்து அனுமதி நடைமுறையின் மொழி தெரிய வேண்டும். ஆலோசனை நிறுவனங்கள் சேரும் தேதிக்கு ஓராண்டு முன்பே ஆளெடுக்கத் தொடங்கிவிடும். காப்புரிமை முகவர் வேலையில் ஆர்வமுள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தற்காலிக விசாவில் இருப்பவரை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் முழுமையாகப் பதிவு செய்வதில்லை, வரம்புக்குட்பட்ட அங்கீகாரம் மட்டுமே தருகிறது.

படிக்கும்போதே வெளியில் பயிற்சி பெற சி.பி.டி. அனுமதி தேவை. ஓர் ஆண்டு முழுநேரமாகப் படித்த பிறகு, பாடத்திட்டத்தின் பகுதியாக மட்டுமே அது கிடைக்கும். முழுநேர சி.பி.டி. பன்னிரண்டு மாதத்தை எட்டினால், அந்தப் பட்ட நிலைக்கான ஓ.பி.டி., அதாவது பட்டத்துக்குப் பின் வேலை செய்யும் அனுமதி, முழுவதும் பறிபோகும். மூன்று மாதக் கோடைப் பயிற்சியால் ஆபத்தில்லை.

10. பட்டம் பெறும் ஆண்டு

ஓ.பி.டி. என்பது பட்டத்துக்குப் பின் பன்னிரண்டு மாதம் வேலை செய்ய அனுமதி. படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிலிருந்து 60 நாள் பின்புவரை விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு மாணவர் அலுவலகம் பரிந்துரை பதிந்த 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். இணையவழிக் கட்டணம் 2024 ஏப்ரலில் 470 டாலர் ஆனது. முதல் நாளிலேயே விண்ணப்பியுங்கள், ஏனெனில் வேலை அனுமதி அட்டை வர மாதங்கள் ஆகலாம். அட்டை வராமல் வேலையில் சேர முடியாது. மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருந்தால் தகுதி போய்விடும். உயிர்மருத்துவப் பட்டங்கள் பெரும்பாலும் ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளின் பட்டியலில் வருவதால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். அதற்கு வேலை தருபவர், ஊழியரின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். வேலை ஏற்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற ஆய்வு நிறுவனங்களும் எச்-1பி எனப்படும் வேலை விசாவின் ஆண்டு உச்சவரம்புக்கு உட்படாதவை. தனியார் மருந்து நிறுவனம் என்றால் மார்ச் மாதக் குலுக்கல்தான். பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு ஜே-1 எனப்படும் பரிமாற்ற விசா தருவதாகச் சொன்னால், ஈராண்டு தாய்நாட்டில் தங்கும் நிபந்தனை உங்களுக்குப் பொருந்துமா என்று கையெழுத்திடும் முன் எழுத்துவடிவில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்படும் தேதியை விசாரியுங்கள். ஆர்க்கிட் என்ற ஆய்வாளர் அடையாளக் கணக்கு, சமர்ப்பித்த கட்டுரைகள், ஓ.பி.டி. விண்ணப்பக் கணக்கு எல்லாவற்றிலும் அதற்கு முன்பே சொந்த முகவரியை மாற்றிவிடுங்கள். பழைய ஐ-20 படிகள் ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள்; பின்னால் எந்த விசாவுக்கு விண்ணப்பித்தாலும் அவை கேட்கப்படலாம்.